இடிக்கும் முன் பிரித்தெடுங்கள்

1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு ஆவடி வேகமாக வளர்ந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த தனி வீடுகள் பலவும் இப்போது இடிபட்டு, அந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஜேசிபி வைத்தால் ஒரு வீட்டை ஒரே நாளில் தரைமட்டமாக்கிவிடலாம். ஆனால் செங்கல், கான்கிரீட், மரம், பிளாஸ்டிக் எல்லாம் கலந்து கிடக்கும் குவியலை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். அது கடைசியில் ஏரிக்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ போய் விழுகிறது. பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம் என்று ஏரிகள் உள்ள ஊரில், நீர்வழியை அடைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும்.

ஆகவே, கட்டிய வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒயர், குழாய், கிரில், கதவு, ஜன்னல், பிறகு கூரை, கடைசியில் சுவர்.

எது எதற்கு உதவும்?

மரம்: பழைய தேக்கு நிலையும் கதவும் கரையான் அரிக்காமல் இருந்தால், இழைத்துப் புது வீட்டிலேயே பொருத்தலாம்.

செங்கல்: சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் என்றால் கல் முழுதாகக் கழன்று வரும். சிமென்ட் கலவை கல்லை இறுகப் பிடித்துக்கொள்வதால், பிரிக்கும்போது பல கற்கள் உடையும். உடைந்தவையும் வீணில்லை. சுத்தமான துண்டுகளைச் செங்கல் ஜல்லியாக்கிச் சுண்ணாம்புடன் கலந்து மொட்டைமாடித் தளம் போடுவது சென்னைப் பக்கம் நெடுநாள் வழக்கம்.

கம்பி: வளைந்து துருப்பிடித்த பழைய கம்பியை நிமிர்த்தித் தூணிலும் பீமிலும் போடக் கூடாது. பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்; அது உருக்காலையில் புதுக் கம்பியாகும்.

கான்கிரீட்: நொறுக்கிச் சலித்தால் ஜல்லியாகும். பழைய கலவை ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால்தான் ஐஎஸ் 383 தரநிர்ணயம் (2016) வரம்பு வைத்திருக்கிறது: கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை. எம்15-க்குக் கீழான கான்கிரீட்டில் ஜல்லி முழுவதுமே இதுவாக இருக்கலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: இதை மட்டும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். உடைத்தால் பறக்கும் நார்த்தூள் நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றித் தனியே ஒப்படைக்க வேண்டும்.

ஆலையில் என்ன நடக்கிறது?

பெருநகர சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 400 டன். இத்தகைய ஆலைகளில் பிளாஸ்டிக், மரத்தைப் பொறுக்கி எடுத்து, இரும்பைக் காந்தத்தால் இழுத்து, மீதியை நொறுக்கி அளவுவாரியாகச் சலிக்கிறார்கள். ஜல்லியும் மணலும் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பேவர் பிளாக், நடைபாதை ஓரக்கல் செய்யலாம். அந்த அளவுக்கு மலையில் வெடி வைத்து ஜல்லி எடுக்கும் தேவை குறைகிறது. பிரிக்காமல் வரும் லோடில் மண்ணும் பிளாஸ்டிக்கும் கலந்திருப்பதால் தரம் தாழ்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் வந்த மத்திய அரசு விதிகள், இடிபாடுகளைச் சாலையிலோ வடிகாலிலோ கொட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவற்றை உண்டாக்குபவரிடமே வைத்தன. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் உண்டாக்குவோர் கான்கிரீட், மண், செங்கல் என வகைவாரியாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. 2025-ல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறித்தன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்கு மறுசுழற்சி இலக்கையும் அவை வைக்கின்றன.

தனி வீடு அந்தப் பரப்பளவுக்கு வராது. ஆனால் வீட்டுக்காரர் கையில் ஒப்பந்தம் இருக்கிறது. இடிப்புக் காண்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுக்கும் முன் மூன்றை எழுதி வாங்குங்கள்: எவற்றைப் பிரித்தெடுப்பார், அந்தப் பொருள்களின் விலை கணக்கில் எப்படிக் கழியும், மீதி லோடு எங்கே போகும். மூன்றாவதற்கு, மாநகராட்சி அனுமதித்த இடத்தின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.