மங்கிய முகங்கள்

நிழற்படத்தைப் பார்த்து வரைவது ஓவியமன்று, வெறும் பிரதி என்று வாதிடுவோர் நம்மிடையே இன்றும் உளர். ஜேர்மனிய ஓவியர் கெர்ஹார்ட் றிக்ரர் 1960களில் வரைந்தவற்றை நிதானித்துப் பார்த்தால் அந்த வாதம் நிலைக்காது.

1932இல் டிரெஸ்டன் நகரிற் பிறந்த றிக்ரர், 1961இல், பேர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்னதாகக் கிழக்கிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குத் தப்பி வந்தவர். அங்கே அவருக்குக் கைகொடுத்தவை சஞ்சிகைப் படங்களும் குடும்பத்துப் பழைய நிழற்படங்களுமே. படத்தைப் புரொஜெக்ரர் மூலம் கன்வஸ் துணியில் விழுத்தி, உருவின் கோடுகளை எடுத்துக்கொள்வார். பின்னர் சாம்பல் நிறச் சாயல்களால் நிரப்புவார். பயிற்சியுள்ள எந்தக் கையும் இவ்வளவைச் செய்யும். ஆனால் வர்ணம் காயுமுன் உலர்ந்த தூரிகையொன்றை அதன்மேல் மெல்ல இழுப்பார். விளிம்புகள் கலைந்து, முகம் நமக்கு எட்டாத தூரத்துக்குச் சென்றுவிடும். நிழற்படத்தில் இல்லாத ஒன்று அங்கேதான் பிறக்கிறது.

1965இல் அவர் வரைந்த 'றூடி மாமா', நாஜிப் படைச் சீருடையில் புன்னகைத்து நிற்கும் தாய்மாமன்; போரில் மாண்டவர். அந்த ஓவியத்தை, 1942இல் நாஜிகள் அழித்த லிடிச்சே கிராமத்தின் நினைவுத் தொகுதிக்கே றிக்ரர் வழங்கினார். அதே ஆண்டில் வரைந்தது மரியானின் படம். ஜேர்மன் மொழியில் எல்லாரும் 'ரன்ரே'. தாயின் தங்கையாதலால் நமக்குச் சின்னம்மா. 14 வயதுச் சிறுமி, கைக்குழந்தையாகிய றிக்ரருடன் இருக்கும் 1932ஆம் ஆண்டு நிழற்படம் அதற்கு மூலம். பின்னாளில் மனநோயாளியெனக் கணிக்கப்பட்டு, கட்டாயக் கருத்தடைக்குள்ளாக்கப்பட்ட அப்பெண், 1945இல் நாஜிகளின் கொலைத்திட்டத்துக்குப் பலியானாள். றிக்ரரின் முதல் மனைவியின் தந்தையோ அத்தகைய கருத்தடைகளில் ஈடுபட்ட எஸ்.எஸ். மருத்துவர். 1964இல் கடற்கரைக் குடும்பப் படமொன்றைப் பார்த்து அவரையும் றிக்ரர் வரைந்திருந்தார். இரு படங்களுக்குமிடையிலான இத்தொடர்பு ஒரு பத்திரிகையாளரின் ஆய்வால் வெளிப்பட்டபோது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

நம்மவரும் ஓவியர்களிடம் நிழற்படங்களோடு செல்கிறார்கள். பெரும்பாலும் அது மாண்ட ஒருவரின் அடையாள அட்டைப் படம். 'முகம் அப்படியே வரவேண்டும்' என்பதே வேண்டுகோள். அப்படியே வரைந்தால் முகம் வராது என்பதுதான் சங்கடம். நேர் எதிரே விழும் ஒளியில் நிழல் மறைந்து, மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். மிக அருகிலிருந்து எடுத்த படமாயின் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். 1970, 80களில் அச்சிட்ட வர்ணப் படங்கள் பல, காலப்போக்கில் செம்மை படர்ந்துவிட்டன. அந்நிறத்தை நம்பினால் தோல் நிறம் பிழைக்கும். ஆதலால் நல்ல ஓவியர் வேறு படங்களையும் கேட்பார், சகோதரர் முகத்தையும் பார்ப்பார், எப்படிச் சிரிப்பார் என்று தாயிடம் விசாரிப்பார். இக்கேள்விகளை வீண் தொல்லையென்று சலித்துக்கொள்வோர் ஒரு கடையிற் படத்தைப் பெரிதாக்கிக்கொள்வதே மேல்.

காணாமற்போனவர்களின் படங்களில்தான் ஓவியரின் கை தயங்குகிறது. படத்திலுள்ள பதினெட்டு வயதை வரைவதா, இன்றைய வயதை ஊகித்து வரைவதா? மாலையை வரைய வேண்டாம் என்று தாய் சொல்கிறார். வரையும்படி தந்தை சொல்கிறார்.