வீடும் வாசலும்: அடுக்குமாடியில் தொலைந்த ஒரு சொல்

ஒருவருடைய வாழ்நிலையை விசாரிக்கும் தமிழர் ‘வீடு உண்டா’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘வீடு வாசல் உண்டா’ என்றே கேட்பர். இணைமொழிகளில் இரண்டாம் சொல் சில வேளைகளில் வெறும் எதிரொலியாக நிற்கும்; ‘தண்ணி கிண்ணி’ என்பதில் ‘கிண்ணி’க்குத் தனிப்பொருள் இல்லை. ‘வாசல்’ அத்தகையதன்று. கோலமிடும் இடம், செருப்பை விடும் இடம், உள்ளே அழைக்கவேண்டாதவரை நிறுத்திப் பேசும் இடம், இறந்தவரை இறுதியாகக் கிடத்தும் இடம் எனப் பல வேலைகள் அச்சொல்லுக்கு உண்டு. பிறை வட்டாரத்திலும் தீவுப்பகுதியிலும் கட்டப்பட்ட மலிவு விலை அடுக்குமாடிகளில் வீடு வந்து சேர்ந்தது. வாசல் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா. யான் கட்டடக் கலைஞன் அல்லேன். சொற்களைப் பின்தொடர்ந்து சென்றபோது கட்டடங்களின் முன்னே வந்து நின்றவன்.

பழஞ்சொற்களிலிருந்து தொடங்குவோம். மாணவர்கள் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்யும் ‘முன்றில்’ என்பது ‘இல்முன்’ என்பதன் முன்பின் மாறிய வடிவம்; வீட்டின் முன்னிடம் என்பது அதன் பொருள். ‘வாயில்’ என்பதும் ‘இல்வாய்’ என்பதன் மாற்றமே. தேர்வுக்காக நாம் படிக்கும் இவ்விரு சொற்களும் வீட்டுக்கும் வெளிக்கும் நடுவிலுள்ள இடத்தைச் சுட்டுகின்றன என்பதை வகுப்பறையில் எவரும் சொல்வதில்லை. ‘பொதியில்’ என்னும் சொல்லும் அவ்வாறே. பொது இல், அதாவது ஊர்ப்பொதுவான வீடு, பொதியில் என மருவியது. மரத்தடியில் ஊரார் கூடிய வெளி ‘மன்றம்’ எனப்பட்டது. இக்காலத்தில் ‘சமூக வெளி’ என்று மொழிபெயர்த்துச் சொல்லும் கருத்துக்குத் தமிழில் இத்தனை சொற்கள் முன்பே இருந்தன.

பிற்காலத்து வீட்டிலும் இந்தப் படிநிலை நீடித்தது. தெரு, வாசல், திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், வருபவர் ஒவ்வொருவரும் எதுவரை வரலாம் என்பதை அவ்வரிசையே சொல்லிவிடும். இதை வெறும் பெருமையாகக் கொள்ளுதல் தவறு. திண்ணையில் அமர உரிமை இல்லாதவர், தெருவிலேயே நிற்க வைக்கப்பட்டவர், அத்தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவர் என மக்களைத் தரம் பிரித்ததும் அதே வரிசைதான். பழைய வீட்டை அப்படியே மீட்டெடுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. அவ்வரிசையில் நடுவே இருந்த இடங்கள் செய்த வேலையை இன்று எது செய்கிறது என்றே கேட்கிறேன்.

பினாங்குத் தமிழர் இந்நடுவிடத்துக்கு இங்கேயே ஒரு புதுச்சொல் பெற்றனர். ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளுக்கு முன்னே, மேல்மாடியின் கீழே, தொடர்ந்து செல்லும் நிழல்நடையை ‘ஐந்தடி’ என்றனர், பேச்சில் ‘அஞ்சடி’. 1822இல் இராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு வகுத்த விதிகளில், வீடுகளின் முன்னே தொடர்ச்சியான தாழ்வாரம் விடவேண்டும் என்பது ஒன்று. அவ்வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. மலாயில் ‘காக்கி லிமா’ என்பர். காக்கி என்றால் அடி, லிமா என்றால் ஐந்து. பினாங்கு ஹொக்கியனில் ‘கோ-கா-கி’ என்பர். அதில் ‘கோ’ ஐந்தைக் குறிக்கும் சீனச்சொல், எஞ்சியது மலாய்க் ‘காக்கி’யின் திரிபு. மூன்று இனத்தாரும் தத்தம் மொழியில் ஒரே அளவையே பெயராக்கிக்கொண்டனர். நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது என்ற இரட்டைநிலை அவ்விடத்துக்கு இருந்தது. கடைத்தெருவில் பூக்கட்டுபவரும் சோதிடரும் தைக்கும் பொறியோடு அமர்ந்தவரும் பிழைத்தது அந்த ஐந்தடியில்தான். நடப்பவருக்கு இடைஞ்சல் என்ற முறையீடும் அன்றுமுதல் இன்றுவரை ஓய்ந்ததில்லை.

தோட்டப்புறத் தமிழர் கதை வேறு. அவர்கள் வாழ்ந்தது லயத்தில். ஆங்கிலத்தில் வரிசை என்னும் பொருள்படும் ‘லைன்ஸ்’ என்பதன் தமிழ் வடிவமே ‘லயம்’. வடமொழி ‘லய’த்தோடு அதற்கு உறவில்லை. ஆள்களை எண்ணி வைத்துக்கொள்வதற்கு வசதியாகக் கட்டப்பட்டவை லயங்கள். ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். ஆயினும் லயத்தின் முன்தாழ்வாரத்தையும் தோட்ட மக்கள் ‘அஞ்சடி’ என்றே அழைத்தனர். நகரத்துச் சொல் தோட்டத்துக்குள் போனதற்குக் காரணம், அது செய்த வேலை ஒன்றாயிருந்தமையே. மாலையில் பெரியவர்கள் உட்கார்ந்தனர், பிள்ளைகள் பாடம் படித்தனர், திருமணப் பேச்சுகள் நடந்தன. லயத்தில் அறை போதவில்லை. அஞ்சடி போதுமான அளவு இருந்தது.

1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றி, அடுத்த பத்தாண்டில் பிறையில் தொழிற்சாலைகள் பெருகியபோது, தோட்டங்களை விட்டு வந்த பல குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் குடியேறின. 1985இல் பிறையையும் குளுகோரையும் இணைத்துப் பாலம் திறக்கப்பட்டதும் இக்கரையில் வசித்து அக்கரையில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. தீவில் அதற்கு முன்பே அடுக்குமாடி வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியில் கோலாலம்பூரின் பெக்கெலிலிங் குடியிருப்போடு சேர்த்து முன்னோட்டத் திட்டமாக எடுக்கப்பட்டது பினாங்கின் ரைபிள் ரேஞ்ச் குடியிருப்பு. 17 மாடியும் 18 மாடியுமாக ஒன்பது கட்டடங்கள். சுவர்களையும் தளங்களையும் முன்கூட்டியே வார்த்துப் பாரந்தூக்கியால் பொருத்தும் பிரெஞ்சு முறை அதில் கையாளப்பட்டது. விரைவாகவும் குறைந்த செலவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வது நன்றியன்று.

பின்னர் நாடெங்கும் மலிவு விலை வீட்டுக்கு வரையறைகள் வந்தன. 1980களில் 25,000 வெள்ளியாக இருந்த உச்சவிலை, 1998இல் நிலமதிப்புக்கு ஏற்ப 42,000 வெள்ளிவரை உயர்த்தப்பட்டது. 650 சதுர அடி, மூன்று படுக்கையறைகள் என்பது பரவலாக அறியப்பட்ட அளவாயிற்று. இவ்வரையறைகளைப் படிக்கும் மொழியியலாளன் கண்ணில் படுவது ஒன்று: அவை எண்ணுவதெல்லாம் அறைகளே. படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை, துணி உலர்த்த இடம் உண்டா என்பன அளக்கப்படுகின்றன. கதவுக்கு வெளியே உள்ளது ‘நடைவழி’. தீப்பிடித்தால் தப்பிச் செல்லும் பாதை என்ற ஒரே பொருளில் அது நோக்கப்படுகிறது. ஆகையால் அங்கே செருப்புத்தட்டு வைத்தால் குற்றம், பூந்தொட்டி வைத்தால் குற்றம், நாற்காலி போட்டால் பெருங்குற்றம். தீயணைப்பு மீட்புத் துறையின் எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. புகைமூட்டத்தில் ஓடுபவருக்குப் பூந்தொட்டி எமனாகும். ஆனால் வாசலுக்கு வேறு இடம் ஒதுக்காத வரைபடம், வாசல் வேண்டுவோரைச் சட்டமீறுபவராக்கிவிடுகிறது.

இதற்கு மாற்று அரியதொன்றன்று. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நடைவழியின் ஓரத்திலிருந்து மூன்றடி உள்வாங்கி, ஐந்தடி அகலத்துக்கு ஒரு குழிவு விட்டால் 15 சதுர அடி கிடைக்கும். 650 சதுர அடியில் அது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. கோலமும் செருப்பும் ஒரு சிறு இருக்கையும் அதற்குள் அடங்கும். தப்பிச் செல்லும் பாதையும் தடைபடாது. நடுவே இருட்டு நடையும் இருபுறமும் கதவுகளுமாகக் கட்டுவதற்கு மாறாக, ஒருபுறம் திறந்த நடையாக்கினால் காற்றும் வெளிச்சமும் வரும். எதிர்க் கட்டடத்தில் இருப்பவர் பிள்ளைகளைக் கண்காணிக்கவும் முடியும். ஒரு தளத்துக்கு முப்பது வீடுகள் என்றால் யாருக்கும் யாரையும் தெரியாது. ஆறு அல்லது எட்டு வீடுகளுக்கு ஒரு மின்தூக்கி முகப்பு என்றால் அந்நியர் வந்தால் தெரியும். ஆனால் இதற்குச் செலவு கூடும். மின்தூக்கியின் எண்ணிக்கையே அடுக்குமாடியின் விலையை நிர்ணயிக்கும் பெருங்கூறுகளுள் ஒன்று என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இந்தியக் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி இந்தோர் நகரில் 1980களில் வகுத்த ஆரண்யா குடியிருப்பு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஏறத்தாழ 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர். ஏழைக் குடும்பத்துக்கு முழு வீட்டைக் கட்டித் தராமல், அடித்தளத்தையும் கழிவறை, தண்ணீர் வசதியையும் தந்து, கையில் காசு சேரச் சேர அவர்களே அறைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி விட்டார். அவ்வாறு சிக்கனம் பிடித்தவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மனைக்கும் தெருவுக்கும் இடையே ‘ஓட்லா’ அமைய இடம் ஒதுக்கினார். வட இந்திய வழக்கில் ஓட்லா என்பது நம் திண்ணையே. 1995இல் அத்திட்டம் ஆகா கான் விருது பெற்றது. மனை அடிப்படையிலான அம்முறையை நிலம் அருகிய பினாங்குத் தீவில் அப்படியே பின்பற்ற இயலாது. ஆனால் எதைக் கடைசிவரை வெட்டக்கூடாது என்பதை அதிலிருந்து கற்கலாம்.

பலமாடிக்கு நெருங்கிய முன்மாதிரி சிங்கப்பூரில் உள்ளது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1970களிலிருந்து அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களுக்கிடையே வெற்றிடம் விட்டது. அந்தக் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணமும் நடக்கும். சீனர் துக்கமும் தமிழர் துக்கமும் நடக்கும். துக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சிறிய மின்தூக்கியில் சவப்பெட்டியைக் கிடையாக வைக்க இடமிராது. பத்தாம் மாடியில் ஒருவர் இறந்தால் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைச் சாய்த்துத் தூக்கி இறக்கவேண்டும். கீழே வந்த பின்னர், வாய்க்கரிசி இடவும் சுற்றிவரவும் உறவினர் நிற்கவும் இடம் எங்கே? வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, அயலாரின் வண்டிகளை நகர்த்தச் சொல்லி, அவசரமாக முடித்த சடங்குகளை நான் பார்த்திருக்கிறேன். வடிவமைப்பு வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது நீச்சல் குளத்தையோ உடற்பயிற்சிக் கூடத்தையோ அன்று. சாவு வீட்டுக்கு இடமுண்டா என்று தேடுகிறேன். அதற்கு இடமிருந்தால் திருமணத்துக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகளின் இரவு வகுப்புக்கும் இடம் தானே கிடைத்துவிடும்.

இனி, ‘பொது’ என்ற சொல். 2013ஆம் ஆண்டின் அடுக்கக நிர்வாகச் சட்டப்படி நடைவழி, படிக்கட்டு, மின்தூக்கி, கூரை எல்லாம் பொதுச்சொத்து. வீட்டுரிமையாளர் ஒவ்வொருவரும் பராமரிப்புக் கட்டணமும், அதில் நூற்றுக்குப் பத்து அளவில் சேமநிதியும் செலுத்தவேண்டும். பலர் செலுத்துவதில்லை. நம் பேச்சுவழக்கில் ‘பொது’ என்பது ‘எல்லாருக்கும் உரியது’ என்பதிலிருந்து ‘யாருக்கும் உரியதன்று’ என்பதை நோக்கி நகர்ந்துவிட்டதோ என்று ஐயுறுகிறேன். பொதியிலைப் பேணிய சொல்லின் பொருள் அதுவன்று. பினாங்கு மாநில அரசு, மலிவு விலைக் குடியிருப்புகளின் மின்தூக்கி பழுதுபார்ப்பு, வண்ணப்பூச்சு, கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெருஞ்செலவுகளில் உச்ச அளவாக 80 விழுக்காட்டை ஏற்கும் திட்டத்தை நடத்திவருகிறது. எஞ்சிய 20 விழுக்காடு குடியிருப்பாளருடையது. செலவு 50,000 வெள்ளி எனக் கொண்டால், 200 வீடுகள் உள்ள கட்டடத்தில் வீட்டுக்கு 50 வெள்ளி. தொகை பெரிதன்று. ஆனால் அதைக் கேட்டு வாங்க, 200 வீட்டாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவேண்டும். கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். கூடுமிடம் இல்லாத கட்டடத்தில் மின்தூக்கி நின்றால் நெடுநாள் நின்றே கிடக்கிறது; ஒன்பதாம் மாடியிலுள்ள முதியவர் மருத்துவமனைக்குப் போகாமலே இருந்துவிடுகிறார். வாசலைப் பற்றிய பேச்சு அழகியல் பேச்சன்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மலிவான வீடு என்பது புதிதாகக் கட்டப்படுவது மட்டுமன்று. இருப்பதை இழக்காமலிருப்பதும் ஆகும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. வாடகை உயராததால் உரிமையாளர் பழுதுபார்க்கவில்லை என்பது உண்மை. சிறு கடைக்காரரும் கூலித்தொழிலாளரும் நகர் நடுவே வாழ முடிந்தது என்பதும் உண்மை. 1997இல் நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டுப் பிறப்போடு கட்டுப்பாடு அகன்றது. 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, அஞ்சடியில் உட்கார்ந்திருந்தவர் பலர் நகருக்கு வெளியே போய்விட்டிருந்தனர். அஞ்சடியின் தரையோடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அதன்மேல் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை.

குளுகோரின் கம்போங் புவா பாலா இன்னொரு பாடம். மலாய்க் ‘கம்போங்’ தமிழில் ‘கம்பம்’ ஆனது. அது மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கம்பம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று, 2009இல் அது இடிக்கப்பட்டது. ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்கு மாற்றாக இரட்டைமாடி வீடுகள் ஏற்பாடாயின. விலைமதிப்பில் பார்த்தால் அது சிறிய ஈடன்று. மாட்டைக் கட்ட இடமில்லை என்பதை மட்டும் எந்த மதிப்பீட்டுப் பத்திரத்திலும் குறிக்க வழியில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவருள் பலர் அடுக்குமாடியில் வாழ்பவர்கள். முன்றில், வாயில், பொதியில் ஆகியவற்றைக் கற்பிக்கும் நாளில், வீட்டுக் கதவிலிருந்து சாலைவரை உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் தங்கள் வீட்டில் வழங்கும் பெயரை எழுதிவரச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அடிக்கோலால் அளந்த அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறையில் ஓர் அடுக்குமாடியில் நான் இவ்வாறு கேட்டபோது, தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி ஏழாம் மாடியின் நடைவழியைக் காட்டி ‘அஞ்சடி’ என்றார். அளந்து பார்த்தோம். நாலே காலடி இருந்தது.