பிறந்த வேளையே குணம்: பூச்சி மூளையின் நியூரான்கள்

பூச்சியின் மூளையை உண்டாக்கும் தாய்ச் செல்லுக்கு நியூரோபிளாஸ்ட் என்று பெயர். அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் மார்ட்டன் வீலர் 1890களிலேயே பூச்சிக் கருக்களில் இதைக் கண்டு விவரித்திருக்கிறார். இன்று இதைப் பற்றி அதிகம் தெரிந்திருப்பது பழ ஈயில்தான்.

கருவின் வெளியடுக்கில் சில செல்கள் நரம்புச் செல் ஆகும் தகுதியோடு கூட்டமாக இருக்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும். அதன் மேலுள்ள டெல்ட்டா என்ற புரதம் அண்டைச் செல்களின் நாட்ச் என்ற புரதத்தைத் தூண்டி, அவை அதே வழியில் போகாமல் தடுத்துவிடும். தடுக்கப்பட்டவை தோலாகும். முந்திய செல் உள்ளே இறங்கி நியூரோபிளாஸ்ட் ஆகும். மூளையின் ஒவ்வொரு பாதியிலும் இப்படிச் சுமார் 100 உருவாகின்றன.

நியூரோபிளாஸ்ட் சரிபாதியாகப் பிரிவதில்லை. பெரிய பங்கு மீண்டும் தாயாகவே நிற்கும்; பிராஸ்பெரோ என்ற புரதம் சேரும் சிறிய பங்கு இன்னும் ஒரே முறை பிரிந்து, இரண்டு நியூரான்களையோ, நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களையோ தரும். தாய் தீராமல் பிள்ளைகள் பெருகுவது இதனால்தான்.

ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லாததுதான் இதில் மிக அழகான பகுதி. கருவின் நரம்பு வடத்திலுள்ள தாய்ச் செல்லில் ஹன்ச்பேக், குரூப்பெல், பிடிஎம், காஸ்டர் ஆகிய புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. எந்தப் புரதத்தின் வேளையில் பிறந்ததோ, அதற்கேற்ற நியூரானாகிறது பிள்ளை. ஹன்ச்பேக்கை மறையவிடாமல் வைத்தால், பிந்திப் பிறப்பவையும் மூத்தவற்றின் குணத்தையே கொள்கின்றன.

கருப்பருவம் முடியும்போது பெரும்பாலான நியூரோபிளாஸ்டுகள் உறங்கிவிடும். முட்டையிலிருந்து வந்த புழு உண்ணத் தொடங்கியதும், உணவிலுள்ள அமினோ அமிலங்களைக் கொழுப்புத் திசு உணர்ந்து செய்தி அனுப்புகிறது. அதைக் கேட்டு கிளியா செல்கள் சுரக்கும் இன்சுலின் போன்ற புரதங்கள் உறக்கத்தைக் கலைக்கின்றன. நினைவுக்கும் மணம் கற்கவும் உதவும் காளான் உடலங்களின் தாய்ச் செல்கள், பக்கத்துக்கு நான்கு, உறங்குவதே இல்லை. கூட்டுப்புழுப் பருவத்தின் பிற்பகுதி வரை பிரிந்து, பக்கத்துக்குச் சுமார் 2,000 நியூரான்களைத் தருகின்றன. அவற்றில் முதலில் பிறந்த காமா நியூரான்கள், உருமாற்றத்தின்போது எக்டைசோன் ஹார்மோனின் கட்டளைப்படி பழைய கிளைகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்க்கின்றன. மூளை எவ்வளவு பெருகுகிறது என்பதை எண்ணிக்கை காட்டும்: 2023இல் வரைபடமாக்கப்பட்ட புழுவின் மூளையில் 3,016 நியூரான்கள் இருந்தன. 2024இல் முழுமையான, வளர்ந்த பெண் ஈயின் மூளை வரைபடத்தில் சுமார் 1,39,000.

வளர்ந்த ஈயில் இந்தத் தாய்ச் செல்கள் மறைந்துவிடுகின்றன. வளர்ந்த தேனீயிலும் காளான் உடலத்தில் புது நியூரான் பிறப்பதில்லை. உணவு தேடிப் பறக்கும் பழக்கத்தால் இருக்கும் நியூரான்களின் கிளைப் பரப்பே விரிகிறது. வீட்டுச் சுவர்க்கோழி இவற்றிலிருந்து மாறுபட்டது. அதன் காளான் உடலத் தாய்ச் செல்கள் வளர்ந்த பின்பும் பிரிகின்றன. மணமும் காட்சியும் நிறைந்த சூழலில் வைக்கப்பட்டவற்றில் புது நியூரான்கள் கூடுதலாகப் பிறந்தன. கதிர்வீச்சால் அந்தப் பிறப்பு நிறுத்தப்பட்ட சுவர்க்கோழிகள், மணத்தைக் கற்பதிலும் நினைவில் வைப்பதிலும் பின்தங்கின.