சொற்பொருளும் எண்ணறிவும்: டிமென்ஷியா நோயாளரிடையே ஆயர் பணி

முதுமையில் அறிவு மங்கும் நோய்கள் அனைத்தையும் நம் சபை மக்கள் ‘மறதி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். மருத்துவர் டிமென்ஷியா என்று கூறியிருந்தாலும், வீட்டார் நம்மிடம் மறதி என்றே சொல்கின்றனர். எண்ணெய் குறையக் குறைய விளக்கு மங்குவதுபோல அறிவு முழுவதும் ஒரே சீராகத் தணிந்துவிடும் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். நோயாளரைச் சந்திக்கும் ஆயர் இவ்வெண்ணத்தால் இருவகையில் தவறக்கூடும். தெளிவாகப் பேசும் ஒருவர் கணக்கில் பிழை செய்தால், அவருடைய நேர்மையை ஐயுறுகிறோம். பேச்சிழந்த ஒருவரைக் கண்டால், அவருள்ளே ஒன்றும் எஞ்சவில்லை என்று முடிவு செய்கிறோம். மூளையைப் பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டையும் மறுக்கின்றன.

1892-ஆம் ஆண்டிலேயே, பிராக் நகரில் பணியாற்றிய ஆர்னால்டு பிக் என்னும் மருத்துவர், மூளையின் ஒரு பகுதி சுருங்குவதோடு மொழியும் படிப்படியாகக் கெடுவதைக் குறித்து எழுதினார். எனினும், கெடுவது மொழியா, மொழிக்கு அடியில் உள்ள பொருளறிவா என்னும் வினா தெளிவாக எழுந்தது 1975-இல்தான். அவ்வாண்டு இங்கிலாந்து நாட்டு உளவியலறிஞர் எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களுடைய பார்வையிலும் பேச்சின் ஓட்டத்திலும் பெருங்குறை இல்லை. ஆனால் பொருள்கள் இன்னவை என்னும் அறிவு அவர்களை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது. பெயர் நினைவுக்கு வராமல் நாம் தடுமாறுவது வேறு, இது வேறு. படத்தைக் காட்டினாலும் இவர்கள் பொருளை அறியார். 1989-இல் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இடப்பட்டது. தமிழில் இதைப் ‘பொருளறிவு டிமென்ஷியா’ எனலாம்.

இவ்விழப்பு ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறது. முதலில் நுண்ணிய வேறுபாடுகள் அழிகின்றன. பொதுமை கடைசிவரை நிற்கிறது. வாத்தை வாத்து என்று அறியாதவர் சிறிதுகாலம் அதைப் பறவை என்பார். பின்னர் விலங்கு என்பார். முடிவில் ‘அது’ என்பதோடு நின்றுவிடுவார். இலக்கணமோ அப்போதும் பெரிதும் பிழைபடாது. வாரிங்டன் ஆராய்ந்தவருள் ஒருவரைப் பற்றிய குறிப்பு இறையியல் மாணவருக்குச் சிறப்பாக ஆர்வமூட்டும். ஊசி என்றால் என்னவென்று அவர் மறந்துவிட்டார். வைக்கோலையும் மறந்துவிட்டார். ஆனால் ‘விண்ணப்பம்’ என்று பொருள்படும் அரிய ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு, உதவி வேண்டி ஊக்கமாகக் கேட்பது என்று சரியாகவே விளக்கம் தந்தார்! இது எல்லாரிடமும் காணப்படும் நிலையன்று; பெரும்பாலாரிடம் கருத்துச் சொற்களே முன்னதாக மறைகின்றன. ஆயினும், எளிய பொருளை அறியாதவர் அரிய கருத்தை எவ்வாறு அறிவார் என்று நாம் கேட்பதற்கு இடமில்லாமற் போயிற்று.

எண்களின் நிலை இதனினும் வியப்பானது. 1995-இல் லண்டன் ஆய்வாளர்கள் பேச்சை ஏறத்தாழ முற்றிலும் இழந்த ஒருவரைப் பற்றி எழுதினர். பழகிப்போன ஓரிரு சொற்றொடர்களையே அவர் திரும்பத் திரும்பக் கூறுவார். பிறர் பேச்சையும் அறிந்துகொள்ள இயலாதவர். அவர் முன்னே எழுத்தில் கணக்கை வைத்தால் கூட்டலையும் கழித்தலையும் செய்து முடித்தார். 2001-இல் கப்பெல்லெட்டி, பட்டர்வொர்த், கோபல்மன் ஆகியோர் பொருளறிவு டிமென்ஷியாவுற்ற மற்றொருவரை ஆராய்ந்து, பிற பொருளறிவு பெரிதும் சிதைந்த நிலையிலும் எண்ணறிவு நிலைத்திருந்ததைக் காட்டினர்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. அது டிமென்ஷியாவால் நேர்ந்ததன்று. மூளை இரத்தக்குழாய் அடைப்பால் நேர்ந்தது. இத்தாலி நாட்டில் குடும்ப விடுதியொன்றை நடத்தி அதன் கணக்குகளைப் பார்த்துவந்த ஒரு பெண், நோயுற்றபின் நான்குக்கு மேற்பட்ட எண் எதையும் கையாள முடியாதவரானார். உரையாடவும் பிறவற்றை விளக்கவும் அவரால் முடிந்தது. அவரைப் பற்றிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது.

ஒருவரிடம் சொற்பொருள் கெட்டு எண் நிற்கிறது. மற்றவரிடம் எண் கெட்டுச் சொற்பொருள் நிற்கிறது. ஆகவே இவை மூளையில் பெரும்பாலும் தனித்தனி இடங்களைச் சார்ந்திருக்க வேண்டும். பொருளறிவுக்கு இன்றியமையாதது இருபுறமும் காதையொட்டி உள்ளே அமைந்த டெம்போரல் மடலின் முன்பகுதி. அளவை உணர்வதற்கு இன்றியமையாதது தலையின் மேற்புறத்தில் சற்றே பின்னாக அமைந்த பரைட்டல் மடலில் உள்ள ஒரு பள்ளம். பொருளறிவு டிமென்ஷியா முன்னதை அரிக்கிறது. பின்னதை நெடுங்காலம் தொடுவதில்லை.

மனப்பாடம் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. 1997-இல் டெஹேன், கோஹென் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், மூளையின் இடப்புற ஆழ்பகுதியில் ஊறுபட்ட ஒருவர் பெருக்கல் வாய்ப்பாட்டையும் மனப்பாடமாய் அறிந்த பிறவற்றையும் ஒருங்கே இழந்திருந்தும், எண்களின் அளவை உணர்ந்திருந்ததை விளக்கினர். ஓதிப் பழகியவை தமக்கெனத் தனி வழியொன்றை உடையன என்பது இதனால் புலனாகிறது. எனவே ஒரு முதியவர் பரமண்டல ஜெபத்தைத் தடையின்றிச் சொன்னால், ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அவர் அறிந்தே சொல்கிறார் என்று வீட்டாருக்கு நாம் உறுதி கூறலாகாது. சொல்லத் தவறினால், விசுவாசம் அகன்றுவிட்டது என்றும் கொள்ளலாகாது. வினாவிடைப் போதனையைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று வகுப்பறைகளில் நாம் எளிதாக இகழ்ந்து வந்திருக்கிறோம். பொருளறிவு போனபின்னும் ஒருவர் நாவில் ஜெபமொன்று எஞ்சி நிற்பது அந்தக் கிளிப்பிள்ளைப் பாடத்தாலேயே.

அல்சைமர் நோய் வேறு வழியில் செல்கிறது. 1906-இல் அலோயிஸ் அல்சைமர் டூபிங்கன் நகரில் முதன்முதலாக எடுத்துரைத்த இந்நோயில், பெரும்பாலாரிடம் அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறைகின்றன. பணத்தைக் கையாள்வதில் நேரும் பிழைகளும் முற்பட்ட அறிகுறிகளுள் அடங்கும். சபையின் பொருளாளர் ஒருவர் பல்லாண்டு நேர்மையாகக் கணக்கு வைத்தவர் என்று கொள்வோம். பேச்சில் மாற்றமில்லை, வேதபாடத்தையும் நன்றாகவே வாசிக்கிறார். காணிக்கைக் கணக்கோ மூன்று மாதமாக ஒத்துவரவில்லை. சபைச் சங்கத்தில் என்ன பேசப்படும் என்பதை ஆயர் எவரும் அறிவர். விசாரணைக் குழுவுக்கு முன்பாக அவரை மருத்துவரிடம் அனுப்புவதே முறை. பழி சுமத்தியபின் நோய் தெரியவந்தால், அப்பழியைத் துடைக்க வழியில்லை. அவரே அதை மறந்திருந்தாலும் அவர் பிள்ளைகள் மறவார்.

திருவிருந்தைப் பற்றிய வினா இன்னும் கடினமானது. தன்னைச் சோதித்தறிந்த பின்னரே பந்தியில் சேரவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் பெரும்பாலும் அறிவின் தகுதியாகவே விளக்கி வந்துள்ளோம். அப்பம் என்னும் சொல்லின் பொருளையே இழந்தவர் எதைச் சோதித்தறிவார்? ஆனால் பவுல் அங்கே கண்டித்தது பொருளறியாதவரையன்று. பசித்திருந்த ஏழைகளைப் பொருட்படுத்தாமல் தாம் முந்தி உண்டவரையே. அப்பகுதியை எடுத்துக்காட்டி நோயாளரை விலக்குவது பாடத்தின் சூழலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. “இது என்ன, தெரிகிறதா?” என்று பாத்திரத்தைக் காட்டி வினவுவதும் வேண்டாம். அவ்வினா அவரிடம் எது மிகுதியாகச் சிதைந்திருக்கிறதோ அதையே நோக்கி எழுப்பப்படுகிறது.

நடைமுறைக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பொருளறிவு டிமென்ஷியாவுற்றவர் தாம் நாள்தோறும் கையாளும் பொருள்களையே நெடுநாள் அறிந்திருக்கின்றனர். தம் வீட்டுக் குவளையில் நீர் அருந்துவார். அதே வகையான வேறொரு குவளையைக் கொடுத்தால் விளங்காமல் கையில் வைத்துக்கொண்டிருப்பார். ஆகவே இத்தகையோருக்குத் திருவிருந்து அளிக்கும்போது, கூடுமானால் அவர் வழக்கமாக அமரும் இருக்கையிலேயே அமரச் செய்து, பழகிய ஒழுங்கின்படி, பழகிய அங்கியோடு அளிப்பது நலம். தனிக்கோப்பைக்கு மாறிவிட்ட சபைகளில் பழைய பொதுக் கிண்ணம் பெட்டியில் கிடக்கும். அதை எடுத்துத் துலக்கி, அவருக்காக வைத்துக்கொள்ளலாம்.