பென் டிரைவ் செத்துவிட்டதா?

பென் டிரைவைச் செருகுகிறோம். அதன் சின்ன விளக்கு மின்னுகிறது, கணினியும் வழக்கமான ஒலியை எழுப்புகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் சி இருக்கிறது, டி இருக்கிறது, புதிதாக எதையும் காணோம். பெரும்பாலான வீடுகளில் அந்த நிமிடமே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: “பென் டிரைவ் போச்சு.” உள்ளே கல்யாணப் படங்களோ கல்லூரி ப்ராஜெக்டோ இருந்தால் வீடே கலங்கிப்போகும்.

பல நேரங்களில் அந்தத் தீர்ப்பு தப்பு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒரு டிரைவ் தெரிவது, அதற்கு முன் நடக்கும் நாலைந்து வேலைகளின் கடைசிப் படி. நடுவில் ஏதாவது ஒன்று தடுக்கினாலும் கண்ணுக்கு எதுவும் வராது. ஆனால் எந்தப் படியில் தடுக்கியது என்பது கணினிக்குத் தெரியும். கட்டளை வரியில் டிஸ்குகளைப் பட்டியல் போடச் சொன்னால் அது சொல்லிவிடும்.

செருகிய உடனே நடப்பது ஓர் உரையாடல். யுஎஸ்பி துளைக்குள் ஏதோ வந்திருக்கிறது என்று தெரிந்ததும், நீ என்ன வகைக் கருவி என்று கணினி கேட்கிறது. சேமிப்புக் கருவி என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி: உன் தயாரிப்பாளர் யார், மாடல் எது? அதற்கும் அடுத்தது: உன் இடம் சம அளவுக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறதே, அதில் கடைசிக் கட்டத்தின் எண் என்ன, ஒரு கட்டத்தில் எத்தனை பைட்? இந்த இரண்டையும் வைத்துத்தான் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. இந்தக் கேள்விகள் ஸ்கஸி என்ற தரத்தைச் சேர்ந்தவை. 1986-ல், அந்தக் காலத்துக் கனமான ஹார்ட் டிஸ்குகளுக்காக அமெரிக்காவில் ஏற்கப்பட்ட தரம் அது. விரல் நுனி அளவே உள்ள இன்றைய பென் டிரைவும் அதே மொழியில்தான் பதில் சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

அளவு தெரிந்தபின் கணினி முதல் கட்டத்தைப் படிக்கிறது. டிஸ்க் எத்தனை பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை அங்கிருந்து கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் எந்தக் கோப்பு முறை இருக்கிறது என்று பார்க்கிறது: ஃபேட்32-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, வேறா? எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஓர் எழுத்தைக் கொடுத்துத் திரையில் காட்டுகிறது.

இனி பட்டியலைப் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ என்று தட்டி, உள்ளே போனதும் ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கேட்கவேண்டும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக வரும். டிஸ்க் 0 பெரும்பாலும் கணினிக்குள் இருப்பது. 16 ஜிபி பென் டிரைவைச் செருகியிருந்தால் டிஸ்க் 1 என்ற வரியில் 14 ஜிபி என்று காட்டும். அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வரியே இல்லையென்றால் சேமிப்புக் கருவி என்ற அளவுக்குக்கூட உரையாடல் போகவில்லை. வேறு துளையில், வேறு கேபிளில், வேறு கணினியில் போட்டுப் பார்க்கவேண்டும். வரி இருந்து, அளவு 0 என்றும் ‘நோ மீடியா’ என்றும் இருந்தால் செய்தி கெட்டது. பென் டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் உயிரோடு இருந்து பதில் சொல்கிறது, ஆனால் தகவல் பதிந்திருக்கும் நினைவகச் சிப்பை அதனால் எட்ட முடியவில்லை. இந்த நிலையில் எந்த மென்பொருளும் பெரிதாக உதவாது. தகவல் முக்கியமென்றால் மீட்புக் கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

அளவு சரியாக இருந்தால் நம்பிக்கை நிறையவே இருக்கிறது. அடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’ கேளுங்கள். அங்கே கோப்பு முறை சரியாகத் தெரிந்து, எழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தால் டிரைவுக்கு ஒன்றுமே இல்லை. எழுத்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அலுவலகக் கணினிகளில் நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்துவைத்திருக்கும்போது இப்படி ஆவதுண்டு. அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து வேறு எழுத்தைக் கொடுத்தால் படங்கள் எல்லாம் அப்படியே வந்துநிற்கும். கோப்பு முறைக்கான இடத்தில் ‘ரா’ என்று இருந்தால், கணினிக்கு அந்தப் பார்ட்டிஷன் தெரிகிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

இந்த நிலையில்தான் விண்டோஸ் அந்த ஆபத்தான கேள்வியைக் கேட்கும்: இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யட்டுமா? தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்புதான் சிதைந்திருக்கும். லினக்ஸில் ஃபார்மேட் செய்த நல்ல டிஸ்கைச் செருகினாலும் சில சமயம் இதே கேள்வி வரும்.

விண்டோஸ் தான் எழுத்துக் கொடுத்த பகுதிகளை மட்டுமே எக்ஸ்ப்ளோரரில் காட்டும். தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் இருந்த பகுதி விண்டோஸின் எக்ஸ்ப்ளோரரில் தென்படாது. டிஸ்க்பார்ட்டில் பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டால் அந்த இடமும் தன் அளவோடு வந்து நிற்கும். கணினி துவங்கத் தேவையான சிறு பகுதி, பழுது நீக்கும் பகுதி ஆகியவையும் அப்படித்தான், சி, டி என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன.

இந்த எழுத்துகளுக்கு வயது அதிகம். கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிபி/எம் இயங்குதளம் ஃப்ளாப்பி டிரைவுகளை ஏ, பி என்று அழைத்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியும் அதையே பின்பற்றியது. 1983-ல் ஐபிஎம் எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு வந்தபோது மிச்சமிருந்த முதல் எழுத்து சி. ஃப்ளாப்பியைப் பார்த்தேயிராத தலைமுறை இன்றைக்கும் சி-யிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது.

யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் டிரைவ் எழுத்துகள் கிடையாது. அங்கே டிஸ்குகளின் பட்டியல் வர எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் போதும், அட்மின் உரிமைகூட வேண்டாம். எஸ்டிஏ என்று ஒரு டிஸ்க், அதற்குக் கீழே கிளை பிரிந்து எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று அதன் பார்ட்டிஷன்கள். பென் டிரைவ் எஸ்டிபி என்று வரும். பெயருக்குப் பக்கத்தில் 8:0, 8:16 என்று இரட்டை எண்கள் இருக்கும். 8 என்பது இந்த வகை டிஸ்குகளைக் கையாளும் டிரைவர் மென்பொருளின் எண். அடுத்தது டிஸ்கின் எண். முதல் டிஸ்குக்கு 0, இரண்டாவதற்கு நேரே 16. டிஸ்குக்கு ஒன்று, அதன் பார்ட்டிஷன்களுக்கு 15 என்று 16 எண்கள் ஒதுக்கிவைத்த பழைய ஏற்பாடு அது. அதே வரியில் கழற்றக்கூடியதா என்பதற்கு 1 அல்லது 0 இருக்கும். பென் டிரைவுக்குப் பொதுவாக 1 வரும். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்குக்கு 0 வருவது சகஜம், அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது.

பெயரையும் நம்பக்கூடாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை ரேஷன் கடை டோக்கன் மாதிரி, முன்னால் வந்தவருக்கு முதல் எண். இன்றைக்கு எஸ்டிபி-யாக இருந்த பென் டிரைவ், நாளைக்கு இன்னொரு டிஸ்கோடு சேர்த்துச் செருகினால் எஸ்டிசி ஆகலாம். லினக்ஸில் டிஸ்கின் மேல் நேரடியாக எழுதும் ‘டிடி’ என்ற கட்டளைக்குக் கொடுக்கும் டிஸ்கின் பெயரில் எழுத்து ஒன்று மாறினாலும், அது எதுவும் கேட்காமல் தவறான டிஸ்கின் மேல் எழுதிவிடும். பார்ட்டிஷன் அட்டவணையை அழிக்கும் டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன்’ கட்டளையும் உறுதியா என்று கேட்பதில்லை. அதனால் இவற்றைத் தட்டுவதற்கு முன் பட்டியலை ஒரு முறை பார்த்து, டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கவேண்டும். எந்த வரி மறைகிறதோ அதுதான் நம் டிரைவ். மீண்டும் செருகியதும் பெயரையும் மீண்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் மாடலும் சீரியல் எண்ணும் கேட்டு, மேலே ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடலாம். விண்டோஸில் பவர்ஷெல்லின் ‘கெட்-டிஸ்க்’ சீரியல் எண்ணைத் தரும். பழைய பாடப்புத்தகங்கள் சொல்லித்தரும் ‘டபிள்யூமிக்’ புதிய விண்டோஸ் 11 கணினிகளில் இயல்பாக இருப்பதில்லை.

பட்டியலில் அளவு குறைந்து தெரிவதைப் பார்த்துப் பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 என்று காட்டுவது சரிதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

சண்டை போடவேண்டிய இடம் வேறு. மலிவு விலைக்கு 2 டிபி என்று சொல்லி விற்கும் போலி பென் டிரைவுகள் பட்டியலிலும் 2 டிபி என்றே வரும். கடைசிக் கட்டத்தின் எண் என்ன என்று கணினி கேட்கும்போது, கன்ட்ரோலர் சிப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. உண்மையில் உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போடும் படங்கள் பெயரளவில் தெரியும், திறக்காது. சில டிரைவுகளில் பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்பட்டு இரண்டும் கெடும். பட்டியல் போடும் எந்தக் கட்டளையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் தன்னைப் பற்றிச் சொன்னதைத்தான் அவை திருப்பிச் சொல்கின்றன.

லினக்ஸில் எஃப்3 என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. வாங்கிய டிரைவ் காலியாக இருக்கும்போதே அதை முனைவரை நிரப்பி, எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய டிரைவ் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். எத்தனை ஜிபிக்குப் பிறகு எழுதியதும் படித்ததும் ஒத்துவரவில்லையோ, அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உண்மையான அளவு. டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் வைத்திருக்கவேண்டிய எண்ணும் அதுதான்.