அமெரிக்கா போற தம்பி, தங்கைக்கு ஒரு ஊசி: உங்க லோன் கணக்குல இது இருக்கா?



வெளிநாட்டுப் படிப்புக்கு பட்ஜெட் போடும்போது நாம எழுதுற லிஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான். டியூஷன் ஃபீஸ், விசா ஃபீஸ், ஃபிளைட் டிக்கெட், முதல் மாச வாடகை, குளிருக்கு ஒரு ஜாக்கெட். என் சித்தி பையன் 18 வயசுல டெக்ஸாஸ்ல காலேஜ் சேரும்போது நானும் இப்படித்தான் எக்ஸெல் ஷீட் போட்டேன். அவனோட எஜுகேஷன் லோன்ல கோ-அப்ளிகன்ட் நான்தான். அந்த ஷீட்ல எழுதாம விட்ட ஒரே ஒரு வரி, ஜூலை மாசம் எங்க ரெண்டு பேரையும் தூங்க விடல.

காலேஜ் போர்ட்டல்ல சிவப்பு எழுத்துல 'ரிஜிஸ்ட்ரேஷன் ஹோல்ட்'. காரணம், மெனிஞ்சைடிஸ் தடுப்பூசி போட்டதுக்கு ஆதாரம் இல்லை. சித்திகிட்ட கேட்டா, "அதெல்லாம் சின்ன வயசுலயே மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சுப்பா"ன்னு கார்டை எடுத்துட்டு வந்தாங்க. அங்கதான் முதல் குழப்பம்.

ரெண்டும் வேற வேற ஊசி

நம்ம ஊர்ல 'மூளைக்காய்ச்சல் ஊசி'ன்னு சொல்றது பெரும்பாலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. அது கொசு மூலமா பரவுற வைரஸ் நோய். அமெரிக்க காலேஜ் கேக்கறது மெனிங்கோகாக்கஸ்ங்கிற பாக்டீரியாவுக்கான ஊசி. பேர், மென்-ஏசிடபிள்யூஒய். அந்த பாக்டீரியாவோட ஏ, சி, டபிள்யூ, ஒய்னு நாலு வகைக்கு எதிரா வேலை செய்யும். இது நம்ம அரசு இலவச தடுப்பூசி அட்டவணையில இல்லை. அதனால உங்க வீட்டுப் பழைய கார்டுல இது இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

காலேஜுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இந்த பாக்டீரியா எச்சில், நெருக்கமான பழக்கம் மூலமா பரவுது. ஒரே ரூம்ல நாலு பேர், ஒரே பாட்டில்ல தண்ணி... ஹாஸ்டல் வாழ்க்கையே அதுக்கு வசதியான இடம். நோய் வந்தா சில மணி நேரத்துலயே நிலைமை மோசமாகலாம். சரியான மருந்து கொடுத்தாலும் 100 பேர்ல 10 முதல் 15 பேர் இறந்துடறாங்க. பிழைக்கிறவங்கள்ல 5-ல ஒருத்தர் வரைக்கும் காது கேக்காம போறது, கை கால் இழக்கறது மாதிரி நிரந்தர பாதிப்போட வாழ வேண்டியிருக்கு.

டெக்ஸாஸ் சட்டத்தோட பேர்லயே ரெண்டு மாணவர்கள் இருக்காங்க. ஜேமி ஷான்பாம், ஆஸ்டின்ல படிச்சவர். 2008-ல இந்த நோய் வந்து முழங்காலுக்குக் கீழ ரெண்டு கால்களையும் விரல்களையும் இழந்தார். அடுத்த வருஷமே, கேம்பஸ் உள்ள தங்கறவங்களுக்கு ஊசி கட்டாயம்னு சட்டம் வந்தது. 2011-ல டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் மாணவர் நிக்கோலிஸ் வில்லியம்ஸ் இறந்து போனார். அவர் கேம்பஸுக்கு வெளிய தங்கியிருந்தவர். அதுக்கப்புறம் வெளிய தங்கறவங்களுக்கும் சேர்த்து கட்டாயம் ஆக்கிட்டாங்க.

உங்களுக்கு இது பொருந்துமா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க

டெக்ஸாஸ்: செமஸ்டரோட முதல் நாள் அன்னிக்கு 22 வயசு ஆகாத புது மாணவர்களுக்குக் கட்டாயம். ஊசி கடைசி 5 வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும். கிளாஸ் ஆரம்பிக்க குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும்.

மாசசூசெட்ஸ்: முழுநேரமா படிக்கிற, 21 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குக் கட்டாயம். 16 வயசு ஆனதுக்கு அப்புறம் போட்ட டோஸா இருக்கணும்.

நியூயார்க்: இங்க கொஞ்சம் வித்தியாசம். 6 கிரெடிட் அல்லது அதுக்கு மேல படிக்கிறவங்க, ஊசி போட்ட ஆதாரம் கொடுக்கலாம். இல்லன்னா, தகவலைப் படிச்சுட்டேன், ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஆனா அந்த ஃபார்ம் கண்டிப்பா போயாகணும்.

அப்போ ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு 24 வயசுல எம்.எஸ். போறீங்கன்னா? டெக்ஸாஸ் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் காட்டி 'எல்லா ஊசியும் கட்டாயம்'னு சொன்னா, உடனே ஜிபே பண்ணாதீங்க. உங்க யூனிவர்சிட்டியோட ஹெல்த் சென்டர் பக்கத்தைத் திறந்து படிங்க. ஹாஸ்டல்ல தங்கப் போறீங்கன்னா, போடறது நல்லதான்னு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

இப்போ காசு கணக்கு

இந்தியாவுல தனியார் டிராவல் கிளினிக்லயோ பெரிய ஆஸ்பத்திரியிலயோ இந்த ஊசி சில ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும். மூணு இடத்துக்கு போன் போட்டு விலையும் ஸ்டாக்கும் கேளுங்க. அமெரிக்காவுல ஒரு டோஸோட பட்டியல் விலையே 150 டாலருக்கு மேல. அதைப் போட்டு விடற சார்ஜ் தனி.

"அங்க போனா இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு கேப்பீங்க. உண்மைதான், பல யூனிவர்சிட்டி பிளான்கள்ல இது ஃப்ரீ. ஆனா இன்ஷூரன்ஸ் ஆரம்பிக்கிற தேதியையும் அந்த 10 நாள் கணக்கையும் சேர்த்து வெச்சுப் பாருங்க. கிளாஸ் ஆகஸ்ட் 25-ன்னா, ஆகஸ்ட் 15-க்குள்ள ஊசி போட்டிருக்கணும். ஆகஸ்ட் 14 ராத்திரி போய் இறங்கினா என்ன பண்ணுவீங்க?

பெரிய ரிஸ்க் 150 டாலர் இல்ல. ஹோல்ட் இருந்தா கோர்ஸ் எடுக்க முடியாது. எஃப்-1 விசாவுல இருக்கறவங்க முழுநேர மாணவரா பதிவாகணும். புரோகிராம் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள காலேஜ் அதை சேவிஸ் சிஸ்டத்துல பதிவு பண்ணணும். ஒரு ஊசி பேப்பருக்காக, லட்சக்கணக்குல லோன் போட்டு வாங்கின விசா ஆட்டம் காணக் கூடாது.

நாங்க பண்ணின தப்பு

தம்பிக்கு ஜூலை 8-ஆம் தேதி ஊசி போட்டோம். சர்டிஃபிகேட்டை அன்னிக்கே அப்லோட் பண்ணியாச்சு. ரெண்டு நாள்ல ரிஜெக்ட்! காரணம் பார்த்தா சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருது. கிளினிக்ல தேதியை 08/07-ன்னு எழுதியிருந்தாங்க. அமெரிக்காவுல மாசத்தை முதல்ல எழுதுவாங்க. அவங்க கணக்குல அது ஆகஸ்ட் 7, இன்னும் வராத தேதி! திரும்ப கிளினிக் போய், மாசத்தை எழுத்துல எழுதி வாங்கினதுக்கு அப்புறம்தான் ஹோல்ட் போச்சு.

செக் லிஸ்ட்

1. அட்மிட் லெட்டர் வந்த வாரமே ஹெல்த் சென்டர் பக்கத்தைப் படிங்க. வயசு, கடைசி தேதி ரெண்டையும் குறிச்சுக்கோங்க.
2. கிளினிக்ல 'மென்-ஏசிடபிள்யூஒய், கான்ஜுகேட் வகை'ன்னு பேர் சொல்லிக் கேளுங்க.
3. சர்டிஃபிகேட் இங்கிலீஷ்ல இருக்கணும். மாணவர் பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். மாசம் எழுத்துல, டாக்டர் கையெழுத்து, சீல்.
4. ஃபிளைட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே முடிச்சிடுங்க.
5. ஒரிஜினல் கைப்பையில, ஸ்கேன் காப்பி மெயில்ல.

இன்னொண்ணு. இந்த ஊசி 'பி' வகைக்கு வேலை செய்யாது. 2013-ல பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டியில பரவினது அந்த வகைதான். அதுக்குத் தனி ஊசி இருக்கு. டெக்ஸாஸ் சட்டம் அதைக் கேக்கல, ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க. ஊசி போட்டிருந்தாலும் திடீர்னு கடுமையான காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, தோல்ல சிவப்பாவோ ஊதாவாவோ புள்ளிகள் வந்தா, 'காலையில பார்த்துக்கலாம்'னு படுக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லுங்க.

நாம லோன்ல கையெழுத்துப் போடறது அவன் படிச்சு, நல்லபடியா வாழணும்னுதானே? அப்போ அந்த எக்ஸெல் ஷீட்ல, ஜாக்கெட்டுக்கு மேல இந்த வரியை எழுதிடுங்க. தம்பி, தங்கையை அனுப்பப் போற உங்க ஆபீஸ் ஃப்ரெண்டுக்கும் இதை அனுப்புங்க. ஸ்டூடன்ட் ஹெல்த் இன்ஷூரன்ஸ் எப்படி எடுக்கறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.