ஒரு கஜம் டாக்ரானும் ஒரு மருத்துவக் கல்லூரியும்

சென்னையோ மதுரையோ, பெரிய மருத்துவமனை எதன் ஆபரேஷன் தியேட்டரிலும் சர்ஜன் கையை நீட்டி "டிபேக்கி" என்று கேட்டால், ஸ்கிரப் நர்ஸ் நீளமான ஒரு ஃபோர்செப்ஸை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். அதன் முனையை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தாடையில் இரண்டு வரிசை நுண்பற்கள், எதிர்த்தாடையில் ஒரே ஒரு வரிசை. மூடும்போது ஒற்றை வரிசை அந்த இரண்டுக்கும் நடுவே போய் அமரும். ரத்தக்குழாயின் சுவர் நழுவாது, நசுங்கவும் செய்யாது. குடலைப் பிடிக்கவும் அதைத்தான் கேட்கிறார்கள், தைராய்டைப் பிடிக்கவும் அதைத்தான்.

அந்தப் பெயருக்கு உரியவர் மைக்கேல் டிபேக்கி. வாஸ்குலர் சர்ஜரி என்ற துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். அவரை இதய நிபுணராகவே உலகம் கொண்டாடியது. 1965இல் 'டைம்' இதழ் அட்டையில் போட்டது. நான் இங்கே பேச வந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு டிபேக்கியைப் பற்றி: திவாலாகும் நிலையில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியைக் கையில் எடுத்து நடத்தியவர்.

1908இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அப்பாவுக்கு மருந்துக்கடை. அம்மா தையலில் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மகனும் கூடவே உட்கார்ந்து தைக்கவும் பின்னவும் கற்றுக்கொண்டான். டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும்போதே, உருளைகள் ரப்பர் குழாயை அழுத்தி ரத்தத்தைத் தள்ளும் பம்பு ஒன்றைத் திருத்தி அமைத்தார். உருளைப் பம்பு அதற்கு முன்பே இருந்ததுதான். அதை ரத்தத்துக்கு ஏற்றதாக மாற்றியதில் அவர் பங்கு பெரிது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலாக வெற்றிகரமாக இதயத்தைத் திறந்து அறுவை செய்தபோது, அந்த இயந்திரத்தில் ஓடியது இந்த வகைப் பம்பு. நம் ஊர் டயாலிசிஸ் யூனிட்டில் கட்டிலருகே சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரமும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

இரண்டாம் உலகப் போர் அவருக்கு வேறொரு பாடம் வைத்திருந்தது. ராணுவத் தலைமை மருத்துவ அதிகாரியின் அலுவலகத்தில் வேலை. அங்கே சேர்ந்த பதிவுகளைக் கொண்டு ஃபியோரிண்டோ சிமியோனுடன் சேர்ந்து 1946இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தமனியில் காயம்பட்ட 2,471 பேரின் கணக்கு அது. அவற்றில் தையல் போட்டுச் சரிசெய்ய முயன்றவை 81 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலும் குழாயைக் கட்டிப்போட்டு ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். அப்படிக் கட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கையோ காலோ போயிற்று. ராணுவ சர்ஜன்களுக்குத் தைக்கத் தெரியாமல் இல்லை. காயம்பட்டவர் மேசைக்கு வந்து சேர்வதற்குள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் தசை செத்துவிடும். பிறகு தைத்து என்ன பயன்? அடுத்த சில ஆண்டுகளில் கொரியப் போர் வந்தது. களத்துக்கு அருகிலேயே அறுவைக் கூடாரம், ஹெலிகாப்டர், தமனியைத் தைத்தே தீர்வது என்ற முடிவு, இவையெல்லாம் சேர்ந்தன. உறுப்பிழப்பு 13 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

டிபேக்கியின் பிற்கால நிர்வாகம் முழுவதையும் இந்த ஆய்விலிருந்தே நான் புரிந்துகொள்கிறேன். கை வித்தை எவ்வளவு இருந்தாலும், அதைச் சுற்றி ஆளும் இடமும் ஏற்பாடும் இல்லையென்றால் நோயாளிக்கு அது போய்ச் சேராது என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். ஹூஸ்டனில் இருந்த பேய்லர் மருத்துவக் கல்லூரி அறுவைத் துறைத் தலைவர் பதவியை நீட்டியபோது முதலில் அவர் மறுத்ததற்கும் காரணம் இதுதான். டல்லாஸிலிருந்து 1943இல் இடம்பெயர்ந்து, ஒரு கம்பெனியின் பழைய கிடங்கில் வகுப்பு நடத்தத் தொடங்கிய கல்லூரி அது. பயிற்சி தருவதற்கென்று உருப்படியான மருத்துவமனை இணைப்பு இல்லை. நோயாளி இல்லாத இடத்தில் யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது? கடைசியில் 1948இல் போனார். அடுத்த ஆண்டே அவ்வூர்க் கடற்படை மருத்துவமனை முன்னாள் படைவீரர் மருத்துவமனையாக மாறிக் கல்லூரியோடு இணைந்தது. அந்தத் துறைத் தலைவர் நாற்காலியில் 1993 வரை இருந்தார்.

தலைப்பில் உள்ள டாக்ரான் துணியின் கதை அங்கேதான் நடந்தது. பெருந்தமனியின் சுவர் ஓரிடத்தில் நைந்துபோனால், கிழிந்த டயரில் சைக்கிள் ட்யூப் பிதுங்குவதுபோல அந்த இடம் ரத்த அழுத்தத்தால் புடைக்கும். புடைக்கப் புடைக்கச் சுவரின் மேல் இழுவிசை கூடும், இழுவிசை கூடக்கூட இன்னும் புடைக்கும். வயிற்றுப் பெருந்தமனியின் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ.; ஐந்தரையைத் தாண்டினால் இன்று அறுவைக்குப் பரிந்துரைப்பார்கள். 1940களில் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. ஐன்ஸ்டைனுக்கு 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற சர்ஜன் வயிற்றைத் திறந்து, புடைப்பைச் சுற்றிச் செலோஃபேன் தாள் கட்டினார். அது தழும்பை உண்டாக்கிச் சுவரைக் கெட்டிப்படுத்தும் என்பது நம்பிக்கை. ஆறாண்டுக்குச் சற்று மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் புடைப்பு உடைந்தது. மறு அறுவையை ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார்.

இதற்கிடையே 1951இல் பாரிஸில் சார்ல்ஸ் துபோ, இறந்தவரிடமிருந்து எடுத்த தமனித் துண்டை வைத்துத் தைத்துக் காட்டியிருந்தார். ஹூஸ்டனில் டிபேக்கியும் சக சர்ஜன் டென்டன் கூலியும் அதே வழியில் வேகமாக முன்னேறினார்கள். ஆனால் எத்தனை இறந்தவர்களிடம் எடுப்பது? துணியில் குழாய் தைத்துப் பார்த்தவர் நியூயார்க்கின் ஆர்தர் வோர்ஹீஸ். நாயின் இதயத்துக்குள் கிடந்த ஒரு பட்டு நூலின் மேல் சில மாதங்களில் வழவழப்பான சவ்வு படர்ந்திருந்ததைக் கவனித்தவர் அவர். துணியைச் சொந்த உடலே பூசி மெழுகிக்கொள்ளும் என்ற யோசனை அங்கே பிறந்தது. அவர் பயன்படுத்திய துணி வின்யான்.

டிபேக்கி ஹூஸ்டனின் ஃபோலீஸ் கடைக்கு நைலான் வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்திருக்கிறது என்று கடைக்காரர் டாக்ரானைக் காட்டினார். ஒரு கஜம் வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் குழாயாகத் தைத்தார். நைலான் கிடைக்காமல் போனது நல்லதாயிற்று. நைலான் உடலுக்குள் காலப்போக்கில் வலுவிழந்துவிடும். டாக்ரான், அதாவது நம் சட்டையில் இருக்கும் பாலியெஸ்டர், பல்லாண்டு தாங்கும். 1954இல் மனிதருக்கு வைத்தார். தையல் ஓரம் இல்லாத குழாய் வேண்டும் என்று பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியின் தாமஸ் எட்மனைப் பிடித்துப் பின்னல் இயந்திரமே செய்யவைத்தார். பின்னலில் கண் இருக்கும், ரத்தம் கசியும். அதனால் பொருத்துமுன் நோயாளியின் ரத்தத்திலேயே குழாயை நனைத்து உறையவிட்டு, கண்களை அடைத்துக்கொள்வார்கள். பின்னாளில் கொலாஜனோ ஜெலாட்டினோ பூசிய குழாய்கள் வந்து அந்த வேலையைக் குறைத்தன. இன்று பல புடைப்புகளை வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாகவே சரிசெய்கிறார்கள். கம்பிச் சட்டத்தின் மேல் போர்த்தி உள்ளே அனுப்பும் துணி பெரும்பாலும் அதே பாலியெஸ்டர்தான்.

1953இல் கழுத்துத் தமனியில் சேர்ந்த கொழுப்பை வழித்தெடுத்து ஒரு பஸ் டிரைவரைப் பக்கவாதத்திலிருந்து காத்ததும் அவரே. அந்த டிரைவர் அதற்குப் பின் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த விவரத்தை டிபேக்கி எழுதி வெளியிட்டது 1975இல். அதற்குள், இதே வகை அறுவை பற்றி 1954இல் லண்டன் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை முதல் இடத்தைப் பிடித்துவிட்டது.

1969 அவர் வாழ்க்கையில் விசித்திரமான ஆண்டு. கல்லூரி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. தாய்ப் பல்கலைக்கழகம் பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தது. அரசுப் பணத்தைத் தொடுவதில் திருச்சபைக்கு ஒவ்வாமை. ஜனவரியில் கல்லூரி பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. டிபேக்கி தலைவரானார். ஏப்ரல் 4ஆம் தேதி அவர் வாஷிங்டனில் இருந்தபோது, பக்கத்து மருத்துவமனையில் கூலி ஒரு நோயாளிக்குச் செயற்கை இதயம் பொருத்திவிட்டார். உலகிலேயே முதல் முறை. அதை உருவாக்கிய டோமிங்கோ லியோட்டா டிபேக்கியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அரசு நிதியில் நடந்த ஆய்வு அது. தன்னிடமிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்பது டிபேக்கியின் குற்றச்சாட்டு. நோயாளிக்குப் பின்னர் மனித இதயம் மாற்றப்பட்டும் அவர் பிழைக்கவில்லை. கூலி கல்லூரியை விட்டு விலகினார். இருவரும் முகம் கொடுத்துப் பேச 2007 ஆயிற்று.

செய்தித்தாள்கள் இந்தச் சண்டையை எழுதிக்கொண்டிருக்க, புதிய தலைவர் மாநிலச் சட்டமன்றத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். டெக்சாஸ் மாணவர்களின் படிப்புக்கு மாநிலம் பணம் தரட்டும், நாங்கள் சேர்க்கையை இருமடங்காக்குகிறோம் என்பது சாரம். 1971இல் அது நடந்தது. தனியார் கல்லூரியாகவே இருந்துகொண்டு அரசுப் பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏற்பாடு. 1972இல் ஹூஸ்டன் பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து, மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கென்றே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரில் இயங்குகிறது. அவருடைய தங்கைகள் லோயிஸும் செல்மாவும் இதே கல்லூரியில் டாக்டர்களுக்குத் தெளிவாக எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

எல்லாம் இனிப்பு அல்ல. அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் ஐசியூவை விட்டு வெளியே வர முடியாது. சிறு பிசகுக்கும் தியேட்டரிலேயே வசவு விழும். வேலையை இழந்தவர்களும் உண்டு. அந்தக் கண்டிப்பால்தான் தரம் நின்றது என்று அவருடைய பழைய மாணவர்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தூங்காத பயிற்சி டாக்டர் தவறு செய்வார் என்பது இன்று ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும் விஷயம். அந்தப் பெருமையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், வீட்டில் தனியே இருந்தபோது நெஞ்சில் கிழிப்பதுபோல் வலி. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்துவிட்டது என்று தானே ஊகித்தார். அந்த நோயை வகைப்படுத்தி 1, 2, 3 என்று பிரித்தவரும் அவர்தான். இவருக்கு வந்தது இரண்டாம் வகை. அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிப்ரவரியில் நினைவு தப்பியது. அவர் மறுத்தது குறிப்பில் இருந்ததால் மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர்கள் பின்வாங்கினார்கள். நெறிமுறைக் குழு இரவில் கூடியது. மனைவி உள்ளே நுழைந்து, உடனே செய்யுங்கள் என்றார். குழு ஒப்புக்கொள்ள, டிபேக்கியோடு பல்லாண்டு பணியாற்றிய ஜார்ஜ் நூன் ஏழு மணி நேரம் அறுவை செய்து, கிழிந்த பகுதியை எடுத்து டாக்ரான் குழாய் வைத்தார். மாதக்கணக்கில் மருத்துவமனை வாசம். செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். குணமாகி வேலைக்குத் திரும்பி, செய்தது நல்லதே என்று சொன்னார். 2008 ஜூலை 11 அன்று, நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காலமானார்.

அவரே நன்றி சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. மேசையிலேயே அவர் இறந்திருந்தால், அவருடைய மறுப்பை மீறியதற்கு அந்தக் குழு அவர் குடும்பத்திடமும் தன் மாணவர்களிடமும் என்ன காரணம் சொல்லியிருக்கும்? அந்தக் காரணம் நிற்கும் என்றால்தான் அவர்கள் எடுத்த முடிவும் நிற்கும்.